டிஸ்க் மாறலாம், பெயர் மாறலாமா?

சர்வரில் ஒரு டிஸ்க் போச்சுன்னா பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டணும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மாட்டிய பிறகு அந்தப் புது டிஸ்குக்கு என்ன பெயர்? இருபது வருசமா சர்வர்களோடு குப்பை கொட்டுகிறேன். இந்தச் சின்னக் கேள்விக்கு யூனிக்ஸ் உலகம் சொன்ன பதில்களைத் தேடிப் படித்தபோது, அதுவே ஒரு குட்டி வரலாறாக இருந்தது. விளையாட்டு விஷயமும் இல்லைங்க. மிரர் செய்த இரண்டு டிஸ்கில் ஒன்று பழுதாகி, பெயர்க் குழப்பத்தில் நல்லதைக் கழட்டிவிட்டால் டேட்டாவுக்கே ஆபத்து.

1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸில், சாதனங்களும் கோப்புகள்தான். 'டெவ்' அடைவுக்குள் ஆர்கே0, ஆர்கே1 என்று இருக்கும். 'ஆர்கே' என்பது டிரைவின் வகை. எண், எத்தனையாவது டிரைவ் என்பது. ஆர்கே05 டிரைவில் சுமார் 2.5 மெகாபைட் கார்ட்ரிட்ஜைக் கழட்டி வேறொன்றைப் போடலாம், பெயர் மாறாது. கதவு எண் மாதிரி. குடியிருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

1992இல் வந்த சோலாரிஸ் 2-ம் இதே வழிதான். சி0டி3டி0 என்றால் கன்ட்ரோலர் 0, டார்கெட் 3, டிஸ்க் 0. அதே இடத்தில் புது டிஸ்கைச் செருகினால் அதே பெயர்.

லினக்ஸில் ஸ்கஸி டிஸ்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று கண்ணில் பட்ட வரிசையில் பெயர் விழுந்தது. நடு டிஸ்க் செத்து ரீபூட் ஆனால், நேற்றைய எஸ்டிசி இன்றைக்கு எஸ்டிபி! 2003இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் கொண்டுவந்த யுடெவ், பெயர் வைக்கும் வேலையை கெர்னலுக்கு வெளியே எடுத்தது. பிறகு ஒரே டிஸ்குக்கு இடத்தைச் சொல்லும் பெயர், சீரியல் எண்ணைச் சொல்லும் பெயர் இரண்டுமே கிடைத்தன.

எனக்கு மிகவும் பிடித்தது 2007இல் வந்த ஹெச்பி-யுஎக்ஸ் 11ஐ வி3. அதற்கு முன் ஒரே டிஸ்க் இரண்டு கேபிள் வழியாகத் தெரிந்தால் இரண்டு பெயர். புதிய முறையில் டிஸ்கின் சொந்த அடையாளத்தோடு பெயரைக் கட்டினார்கள்: டிஸ்க்14 எந்த வழியில் வந்தாலும் டிஸ்க்14 தான். ஆனால் இப்போது வேறு சிக்கல். அதே இடத்தில் மாட்டினாலும் புது டிஸ்க் புது ஆள், அதனால் புதுப் பெயர். அதற்காகவே 'ஐஓ_ரீடைரக்ட்_டிஎஸ்எஃப்' என்ற கட்டளை வந்தது. செத்த டிஸ்கின் பெயரைப் புதுசுக்குச் சூட்டிவிடலாம்.

நாம் கேட்பது எப்போதுமே ஒரு பதவிப் பெயரைத்தான் என்று நினைக்கிறேன். ஆள் ஓய்வு பெற்றாலும் நாற்காலியின் பெயர் நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பது யார் என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கப் பார்த்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று இடித்தது.

ஆகவே கழட்டுவதற்கு முன் எஸ்டிபி-யா எஸ்டிசி-யா என்று மட்டும் பார்க்காதீங்க. சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளோடு ஒத்துப் பாருங்க. லேபிள் ரீபூட்டில் மாறாது.