மன்னிப்பும் விசாரணையும்: ஓரியூரிலிருந்து பட்டாசு நிலத்துக்கு

குற்றம் சாட்டப்பட்டால் வாய்திறவாமல் தலைகுனிவதே கிறித்தவ மன்னிப்பு என்ற எண்ணம் நம் மறையுரைகளில் ஊறிப்போயிருக்கிறது. பிலாத்துவின் முன் இயேசு காத்த மௌனத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அதே பாடுகளின் வரலாற்றில், விசாரணையின்போது காவலன் கன்னத்தில் அறைந்ததும், தாம் பேசியதில் தவறு எது என்று காட்டும்படி இயேசு கேட்டார். யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. அவர் அறைந்தவனைச் சபிக்கவில்லை. அந்த அறையை நியாயம் என்று ஏற்கவும் இல்லை. மன்னிக்கிறவர் உண்மையைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. பட்டாசு நிலமான விருதுநகர் மாவட்டம் 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அந்த இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் மறவர் சீமையில்தான் லிஸ்பனில் பிறந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் இருமுறை பிடிபட்டார். 1686இல் வதைக்கப்பட்டு, மன்னர் கிழவன் சேதுபதியால் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்று திரும்பிய பின், 1693 ஜனவரியில் மீண்டும் கைதானார். மாந்திரீகம் செய்கிறார், தடை செய்யப்பட்ட மறையைப் பரப்புகிறார் என்று அவர்மீது குற்றம் சொல்லப்பட்டது. ஓரியூர்ச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், மறையைப் போதித்ததை அவர் மறைக்கவில்லை. அதைக் குற்றம் என்று ஏற்கவும் மறுத்தார். பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்படுமுன் கொலையாளியைத் தழுவிக்கொண்டார் என்பது சபை மரபு. தெளிவான மறுமொழியும் பகையற்ற நெஞ்சும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன.

புனிதர் வரலாறுகள் விரைந்து கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. அருளானந்தர்மீது முறையீடு எழக் காரணமானவர் மறவர் தலைவர் தடியத்தேவரின் மனைவியருள் ஒருவர். சேதுபதியின் நெருங்கிய உறவினர். திருமுழுக்குப் பெறுவதற்காகத் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு அது வாழ்வே பறிபோனது போன்ற இழப்பு. மாந்திரீகக் குற்றச்சாட்டு பொய். அதற்குப் பின்னிருந்த காயம் மெய். குற்றம் சாட்டுகிறவரை மன்னிப்பவர் அந்தக் காயத்தையும் காண வேண்டும். இதைக் காணாத மன்னிப்பு, மேலிருந்து இறங்கிவரும் பெருந்தன்மையாகவே நின்றுவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு செய்யும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில், மன்னிப்பும் விசாரணையும் எப்படிச் சேரும் என்ற கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்த ஊராரும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ‘மருந்து உராய்வு’ என்ற சொல் செய்தியில் வருகிறது. வெடிமருந்தைக் கையாண்டவர் இறந்துபோயிருப்பார். கவனக்குறைவு என்ற பழி அவர்மேல் எளிதாக இறங்கிவிடும். அறையில் அளவுக்கு மீறி ஆட்களை அமர்த்தியது யார், உரிமம் ஒருவர் பெயரிலிருக்க உள்குத்தகைக்கு விட்டது யார், விதியை மீறி மரத்தடியில் வேலை நடந்ததைக் கண்டும் காணாமல் போனது யார் என்ற கேள்விகள் பின்தங்கிவிடுகின்றன. இறந்த தொழிலாளியால் மறுமொழி சொல்ல முடியாது. விவிலியத்திலும், துன்பமே குற்றத்துக்குச் சான்று என்று யோபுவின் நண்பர்கள் சாதித்தார்கள். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது அவர்களைத்தான்.

இந்நிலையில் அடக்கச் சடங்கில் நின்று விதவையிடம் மன்னிப்பைப் பற்றிப் போதிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மன்னிப்பு என்பது, உறவை இழந்தவர் தாமாகத் தரவேண்டியது. குருவோ உரிமையாளரோ கேட்டுப் பெறும் ரசீது அன்று. இழந்தவர் மன்னித்தாலும் வழக்கும் இழப்பீடும் நிற்கக் கூடாது. வரிதண்டிய சக்கேயு தாம் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். மனமாற்றத்துக்கு லூக்கா காட்டும் அளவு அதுவே. உரிமம் பெற்றவர் கிறித்தவராயின், குற்றச்சாட்டு வந்தவுடன் சொல்ல வேண்டியதை உண்மையாகச் சொல்லட்டும். செய்யாத குற்றத்தை மறுக்கட்டும். செய்ததை விசாரணை அதிகாரியிடமும், இழந்தவர் வீட்டு வாசலிலும் ஒப்புக்கொள்ளட்டும்.

இந்தப் பகுதியில் பணிசெய்யும் குருக்களையும் ஆயர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த விபத்தில் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இறந்த தொழிலாளிமேல் பழி விழும் முன், அவர் குடும்பத்துக்கு வழக்கறிஞரைத் தேடிக் கொடுத்து, விசாரணை முடியும்வரை உடன் நில்லுங்கள்.