நெடுநாள் நின்ற படகு இன்ஜினை மீண்டும் இயக்குதல்

நெடுநாள் நின்ற படகு இன்ஜினை மீண்டும் இயக்குதல் என்பது, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஓடாமல் கிடந்த கடற்கல இயந்திரத்தைப் பகுதி பகுதியாகச் சோதித்துச் சீராக்கி, ஆளுக்கும் கலத்துக்கும் தீங்கு நேராதபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் பணியாகும். வடசென்னையில் இப்பணி ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் நடைபெறுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்க 2001-இல் 45 நாள் தடையாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்ட தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடப்பிலிருப்பதால், இராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் பக்கத்தோடு பக்கம் கட்டப்பட்டு நிற்க, ஜூன் தொடக்கத்தில் அவற்றின் இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறுகின்றன.

காசிமேட்டு விசைப்படகுகளில் இருப்பவை கலத்தின் உட்புற அறையில் பொருத்தப்பட்டு, நீண்ட ஷாப்ட் வழியாகச் சுழலியைத் திருப்பும் டீசல் இன்ஜின்கள் ஆகும். லாரிக்கென உருவான இன்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றியமைத்த வகை இங்கு நெடுங்காலம் புழங்கிற்று. அவ்வகையை வழங்கிய அசோக் லேலண்ட், 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், அதே வட்டாரத்தின் எண்ணூரில்தான் தன் தொழிற்சாலையை வைத்திருக்கிறது. மேலைநாட்டு உல்லாசப் படகுகளில் பரவலான ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பு, அதாவது இன்ஜின் உள்ளேயும் பல்சக்கரப் பெட்டியும் சுழலியும் பின்சுவருக்கு வெளியேயும் அமையும் அமைப்பு, 1959-இல் வால்வோ பென்டா நிறுவனத்தால் அக்வாமேட்டிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் பின்சுவரைத் துளைத்துச் செல்லும் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறை, நெடுநாள் நின்றால் வெடித்து நீரை உள்ளே விடும் என்பதால், இன்ஜினைத் தொடுமுன் அவ்வுறையைப் பார்ப்பதும், வெளிப்பெட்டியின் எண்ணெய் பால்நிறம் கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதும் முதற்கடன். பால்நிறம் தண்ணீர் கலந்ததற்கு அடையாளமாகும்.

நின்ற இன்ஜின் கெடுவது மெதுவாகவே நிகழ்கிறது. அதைத் துரிதப்படுத்துவது பெரும்பாலும் அவசரப்பட்டுச் செல்ஃப் அடிப்பவரின் கைதான். உப்புக்காற்று புகைக்குழாய் வழியே உள்நுழைந்து வால்வுகளிலும் சிலிண்டர் சுவர்களிலும் துருவை வளர்க்கிறது. டாங்கில் பாதி நிறைந்த டீசலின் மேலுள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீராகி அடியில் தங்க, நீருக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட படலத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த கூழாகி ஃபில்டரை அடைக்கின்றன. புகைக்குழாயில் தங்கிய நீரோ, தலைப்பகுதியின் கேஸ்கெட் வழியே கசிந்த நீரோ சிலிண்டருக்குள் நின்றிருந்தால், டீசல் இன்ஜினின் பிஸ்டன் மேலேறும்போது அழுத்தத்துக்கு அடங்காத அந்நீர் இடம் கொடாமல், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.

எனவே முதற்சுழற்சி கையாலேயே நிகழ வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கிராங்க் முனையின் நட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி மெல்ல இரண்டு சுற்றுத் திருப்பினால், உள்ளே நீர் இருந்தால் அது இன்ஜெக்டர் துளை வழியே பீறிட்டு வெளியேறும்; ஓரிடத்தில் இறுகி நின்றால், வலுவைக் கூட்டாமல் துளைக்குள் மெல்லிய எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவைப்பதே சரி. எண்ணெயும் ஃபில்டர்களும் மாற்றப்பட்டு, டாங்கின் அடிநீர் வடிக்கப்பட்ட பிறகே எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை அகற்றும் வேலை தொடங்கும். மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்று சொல்லும் இதில், ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை இயக்க, முதலில் நுரையும் பின்பு குமிழியுமாக வந்து, இறுதியில் தெளிந்த டீசல் வந்ததும் திருகு இறுக்கப்படுகிறது. இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும் விசையுடையது ஆதலால், அதன் முனைக்கு எதிரே கை வைப்பது பெரும் பிழையாகும்.

குளிர்விப்புப் பகுதியில் கடல்நீரை இறைக்கும் பம்பினுள் உள்ள ரப்பர் இறகுச்சக்கரம், நின்ற காலத்தில் ஒரே வளைவில் இறுகிப்போய் நொறுங்கும் தன்மை அடைகிறது. நீரின்றி ஓடினாலோ மிகக் குறுகிய நேரத்தில் சிதைகிறது. எண்ணூர் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதால், அங்கு நிற்கும் கலங்களின் நீர்வடிகட்டியைத் துடைக்காமல் இன்ஜினை இயக்குவது, உராயும் தூளைப் பம்புக்குள் அனுப்புவதாகும்.

தீப்பாதுகாப்பில் டீசலை எளிதாக எண்ணுவது பொதுவான பிழை. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1460-இன்படி சாதாரண டீசலின் குறைந்தபட்சத் தீப்பற்றும் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் மட்டுமே. தடைக்காலமோ கத்திரி வெயிலோடு ஒத்துவருகிறது. மூடிய இன்ஜின் அறை அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், பெட்ரோல் இன்ஜின் உள்ள கலத்தில் அது அடித்தளத்தில் தங்கும். செல்ஃப் அடிக்கும் முன் விசிறியை ஓடவிட்டு அதை வெளியேற்றியே ஆகவேண்டும். மின்கலத்தில் மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால், மின்கம்பியை இணைத்தல், பிரித்தல் ஆகியன அறையின் மூடிகள் திறந்த நிலையிலேயே செய்யத்தக்கவை. பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று உறிஞ்சும் வாயில் காட்டி ஸ்டார்ட் செய்யும் குறுக்குவழியால், படகுகள் நெருங்கி நிற்கும் காசிமேட்டில் ஒரு கலத்தின் தீ அடுத்ததைப் பற்றுவது எளிது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும், மீன் அழுகிய அடித்தள நீரில் எழும் ஹைட்ரஜன் சல்பைடும் கண்ணுக்குத் தெரியாமல் ஆளைச் சாய்ப்பவை. காற்றோட்டமில்லாத அறைக்குள் ஒருவர் மட்டும் இறங்குவது கூடாது.

கடல்நீரில் மூழ்கிய இன்ஜினின் நிலை வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் இத்தகையவை ஏராளமாக இருந்தன. வெளியே எடுத்ததும் நன்னீரில் கழுவி, எண்ணெயை வடித்து, சிலிண்டர்களில் எண்ணெய் செலுத்திச் சுழற்றுவது உடனடிப் பணி; காற்றைக் கண்டதும் துரு விரைவதால், நாட்கணக்கில் காத்திருக்கும் இன்ஜின் மீட்கப்படுவது அரிது.

ஸ்டார்ட் ஆனவுடன் கவனிக்கத்தக்கது எண்ணெய் அழுத்தமானி. சில நொடிகளில் முள் எழாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்; எண்ணெய் கசிந்து உறிஞ்சப்பட்டு இன்ஜின் தானே வேகமெடுத்தால், எரிபொருளை அடைத்தாலும் நிற்காது என்பதால், காற்று உறிஞ்சும் வாயை மூடப் பலகை ஒன்று அருகில் இருப்பது நன்று. மீன்பிடித் துறைப் பொறியாளர்களையும் படகோட்டிகளையும் பயிற்றுவிக்கும் மத்திய நிறுவனமான சிஃப்நெட்டின், 1968-இல் தொடங்கிய சென்னைப் பிரிவு இராயபுரத்திலேயே இருப்பதால், இவ்வகைப் பயிற்சிக்கு வட்டாரத்தை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. வெள்ளோட்டம் ஐஸ் ஏற்றுவதற்கும் ஆட்கள் ஏறுவதற்கும் முன்பே முடிக்கப்படுகிறது. அப்போது ஷாப்ட் வெளியேறும் இடத்திலுள்ள கிளாண்ட் பேக்கிங், தடைக்காலத்தில் உலர்ந்து சுருங்கியிருந்தால், ஓட்டத்தில் துளித்துளியாகச் சொட்டும் அளவுக்கே இறுக்கப்படும். சொட்டே இல்லாதவாறு இறுக்கினால் உராய்வில் ஷாப்ட் தேய்ந்துவிடும்.