பழவேற்காட்டுக் கைலியும் பார்ப்பவர் கண்ணும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வரும் பழமொழி. ஒருவனுடைய மதிப்பில் சரிபாதியை அவன் உடுத்தும் ஆடை தந்துவிடுகிறது என்பது அதன் பொருள். ஆனால், வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின் இப்பழமொழியைத் திருப்பிப் போட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. உடுத்துகிறவன் எந்த நாட்டவன், என்ன நிறத்தவன், எந்த இனத்தவன் என்று பார்த்த பிறகே உலகம் அவனுடைய ஆடைக்கு விலை கூறி வந்திருக்கிறது. அரசவை உடைக்கும் மணவிழா உடைக்கும் வழிவழியாக வந்த விதிகள் உண்டு. வீட்டிலும் வீதியிலும் ஓய்வாக உடுத்திக்கொள்ளும் எளிய உடைக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. ஆகவே அங்கேதான் பார்ப்பவர் கண் தன் விருப்பம்போல் தீர்ப்பு வழங்குகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் பெருநூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் இல்லங்களின் கொல்லைப்புறத்தில், கொடியில் காய்கின்ற கட்டம் போட்ட கைலி ஒன்றே போதும். கைலி என்றும், சாரம் என்றும், லுங்கி என்றும் ஊருக்கு ஒரு பெயரால் வழங்கும் இந்த எளிய துணி, நான்கு கண்டங்களில் நான்கு விதமாகப் பார்க்கப்பட்ட வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

பெயரில் உறையும் ஊர்

கடைக்காரர்கள் ‘பளையகாட் லுங்கி’ என்று கூவி விற்பதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பளையகாட் வேறொன்றும் இல்லை. சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில் அமைந்த பழவேற்காடுதான். தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாகக் கடல் வாணிகம் நடத்திய துறைமுகங்களுள் அதுவும் ஒன்று. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்துக்கு அவ்வூரே பன்னெடுங்காலம் தலைமையிடமாக விளங்கியது. அவர்கள் நாடி வந்தது நம் நெசவாளர்களின் பருத்தித் துணியை. அத்துணியைக் கொடுத்துத்தான் மலாய்த் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் மிளகும் வாங்க முடிந்தது. அத்தீவு மக்கள் வெள்ளியைக் காட்டிலும் நம் கரையின் துணியையே விரும்பிக் கேட்டார்கள்.

அவ்வாறு சென்ற கட்டத்துணியை மலாய் மக்கள் இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் மருவுதான். மலேசியாவில் ஆடவர் வீட்டில் இருக்கும்போது அதை உடுத்துகின்றனர். அதே உடையோடு பள்ளிவாசலுக்குத் தொழவும் செல்கின்றனர். ஜாவாவில் மார்க்கக் கல்வி பயிலும் மாணவர்களுக்குச் ‘சாரங் கட்டும் கூட்டத்தார்’ என்றே பெயர். நம் ஊரில் வீட்டோடு நிற்கும் உடை, அங்கே இறைபக்தியின் அடையாளமாக நிற்கிறது. பழவேற்காட்டைக் கண்ணால் காணாத இலட்சோப இலட்சம் மக்கள் அவ்வூரின் பெயரை அன்றாடம் உச்சரிக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

அரபு நாடுகளுக்கும் இவ்வுடை புதியதன்று. இடையில் சுற்றிக்கொள்ளும் தைக்காத துணியை அரபியில் ‘இஸார்’ என்பர். வளைகுடா நாட்டு அரபியர் தம் நீண்ட அங்கியின் உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ளும் ‘விஸார்’ இச்சொல்லின் வழி வந்ததே. இதற்கே ‘ஃபூத்தா’ என்னும் பெயரும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் உலகை வலம் வந்த இப்னு பதூதா, தென் அரபியாவின் ழஃபார் நகரத்தைப் பற்றி எழுதும்போது, அம்மக்களின் பருத்தி ஆடை இந்தியாவிலிருந்து வருகிறது என்றும், அவர்கள் காற்சட்டைக்குப் பதிலாக இடையில் ஃபூத்தா கட்டுகிறார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார். கிழக்கு ஆப்பிரிக்காவின் முகதிஷூ நகரில் அவருக்கே அத்தகைய இடையாடை அன்பளிப்பாக அளிக்கப்பட்டது. காற்சட்டை அணியும் மேற்குத் திசையிலிருந்து வந்த அந்த அறிஞர், இதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை; ‘இது இவர்கள் வழக்கம்’ என்ற அளவில் எழுதிவிட்டுச் செல்கிறார். ஆனால் அவரே மாலத்தீவில் காழியாக இருந்தபோது, அங்குள்ள பெண்கள் மேலாடை இல்லாதிருந்த வழக்கத்தை மாற்ற முயன்று, அம்முயற்சி கைகூடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மார்க்கம் வகுத்த வரம்பு வேறு, ஊருக்கு ஊர் மாறும் வழக்கம் வேறு என்று பிரித்துப் பார்த்த கண் அது.

அடிமையின் விலையும் அழகியின் தலைக்கட்டும்

1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றதற்கும் துணியே முதன்மையான காரணம். கோட்டையைச் சுற்றி நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். இக்கரையில் நெய்த கட்டத்துணி ‘மதராஸ் கைக்குட்டை’ என்னும் பெயரோடு இலண்டனுக்குச் சென்றது. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. அங்கே அது எதற்கு விலையாயிற்று என்பதைச் சொல்ல நா கூசுகிறது. ஐரோப்பிய வணிகர்கள் மனிதர்களை அடிமைகளாக வாங்கியபோது கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணி முக்கியமான ஒன்று. தன் தறியில் ஓடிய நூல் கடலுக்கு அப்பால் ஒரு மனிதனின் விலையாக எண்ணப்பட்டதை, ஓலைக்குடிசையில் தறிக்குழியில் கால் வைத்து நெய்தவன் அறிந்திருக்க வழியில்லை.

அதே ஆப்பிரிக்காவில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதை ‘இஞ்சிரி’ என்று பெயரிட்டு அழைத்தனர். அவர்களுடைய பெண்கள், கட்டத்துணியின் இழைகளில் சிலவற்றைக் கூரிய கத்தியால் நறுக்கி உருவி எடுத்து, முற்றிலும் புதிய கோலத்தை அதில் உண்டாக்கினார்கள். பிறப்பிலும் இறப்பிலும் குடும்பத்தின் பெருமையைக் காட்டும் துணியாக அது அங்கே மதிக்கப்படுகிறது. நெய்தவன் கைத்திறனோடு உடுத்தியவர் கைத்திறனும் கூடிய துணி அது.

கப்பலேறிச் சென்ற அடிமைகளோடு மதராஸ் துணியும் அமெரிக்கக் கரையை அடைந்தது. 1786இல், ஸ்பானியரின் ஆட்சியிலிருந்த லூயிசியானாவின் ஆளுநர் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பின வழிவந்த பெண்கள், விடுதலை பெற்றவர்களாயினும், தலைமுடியைத் துணியால் கட்டி மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வாணை. அவர்கள் வெள்ளையருக்கு ஒப்பாக ஒப்பனை செய்துகொண்டு நடமாடுவது ஆள்வோரின் கண்ணை உறுத்தியிருக்கிறது. ஆனால் நடந்ததோ வேறு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பெண்கள் வண்ணம் மிக்க மதராஸ் துணிகளைத் தேர்ந்தெடுத்து, மடிப்பு மடிப்பாக உயர்த்திக் கட்டி, இழிவுக்கென விதித்த துணியை அழகின் கொடியாக உயர்த்திவிட்டார்கள்.

கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மார்த்தினிக், குவாதலூப் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே ‘மதராஸ்’ என்றாலே தலைக்கட்டுத் துணி என்று பொருள். அக்கட்டில் எத்தனை முனைகள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதைக் கொண்டே, அப்பெண்ணின் மனம் ஒருவருக்கு உரியதாகிவிட்டதா இல்லையா என்று அறிந்துகொள்ளும் வழக்கம் இருந்தது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அத்தீவுகளில் கொண்டு இறக்கப்பட்டார்கள். தாங்கள் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே தங்கள் ஊர்த் துணி அங்கே வந்து, அயலார் தலையில் மகுடமாக வீற்றிருப்பதை அவர்கள் கண்டிருப்பார்கள்.

சாயம் போவதும் சிறப்பாயிற்று

இனி, இக்கதையின் விந்தையான பகுதிக்கு வருவோம். மதராஸ் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைப் பண்டங்களை நன்கொடையாக அனுப்பினார். அவை 562 பவுனுக்கு விற்கப்பட்டன. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுவே. ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அத்தகைய உயர்கல்விக் கூடங்களில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கோடைக்கால ஓய்வு உடையாக மதராஸ் கட்டச் சட்டையை விரும்பி அணியத் தொடங்கினார்கள்.

1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர், கண்ணூர்க்காரரான சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து கைத்தறி மதராஸ் துணியை வாங்கினார். அதை நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களைச் சென்று சேரவில்லை. இயற்கைச் சாயம் ஊறிய துணி, துவைக்கும் பொறியில் சாயம் கக்கிற்று. வழக்குக்குப் போகும் அளவுக்குச் சினம் மூண்டது. அந்நேரத்தில் ‘செவன்ட்டீன்’ என்னும் இதழ் நாயரைப் பேட்டி கண்டு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதிய வண்ணம் காட்டும் அதிசயத் துணி என்று பக்கம் பக்கமாக எழுதிற்று. அவ்வளவுதான்! சாயம் போகாத துணியை வேண்டாமென்று தள்ளி, சாயம் போகும் துணிக்கு மக்கள் கடை வாசலில் நின்றார்கள். நாயர் தம் பிற்கால வாழ்வில் இந்நிகழ்ச்சியைப் பலமுறை சுவையாக எடுத்துரைத்திருக்கிறார்.

நம் ஊர்ச் சந்தையில் சாயம் போகும் கைலியை விற்றவனை வாங்கியவர் சும்மா விடுவாரா? அங்கோ அதுவே சிறப்பாயிற்று. துணி ஒன்றே. கொள்பவன் செல்வமும் நிறமும் மாறின, குறையும் நிறையாயிற்று.

இதற்கு மறுதலையான காட்சியையும் ஜாவாவில் காணலாம். அங்கு வாழ்ந்த டச்சுப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில், வெப்பத்துக்கு ஏற்றதென்று, பாத்திக் சாரங்கும் மெல்லிய மேற்சட்டையும் வீட்டில் உடுத்தியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வெள்ளைப் பெண்கள் பெருந்தொகையாக வந்து சேரவே, ஆளப்படும் இனத்தின் உடையை ஆளும் இனம் உடுத்துவது தகாது என்ற எண்ணம் வலுத்தது. சாரங் மெல்ல ஒதுக்கப்பட்டது. வெயில் அப்படியேதான் இருந்தது. உடலும் அப்படியேதான் இருந்தது.

ஓர் ஆண்டில் இரு தீர்ப்புகள்

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாகாது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டிரேவான் மார்ட்டின் என்னும் 17 வயதுக் கறுப்பின இளைஞன் கடைக்குச் சென்று திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கையில் ஆயுதம் இல்லை. தலையை மூடும் முக்காட்டோடு கூடிய ‘ஹூடி’ என்னும் மேற்சட்டை அணிந்திருந்தான். அவ்வுடையே அவன் சாவுக்குப் பெரும் பொறுப்பு என்று தொலைக்காட்சி விமரிசகர் ஒருவர் பேசினார். கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம், பாபி ரஷ் என்னும் கறுப்பின உறுப்பினர் அதே உடையோடு நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியபோது அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அதே ஆண்டு மே மாதம், ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் தம் நிறுவனப் பங்குகளை விற்கும்பொருட்டு நியூயார்க்கின் பெரும் முதலீட்டாளர்களைச் சந்தித்தார். அவர் அணிந்திருந்ததும் ஹூடிதான். முதிர்ச்சி போதாது என்று பங்குச்சந்தை ஆய்வாளர் ஒருவர் குறை கூறினார். மேதையின் எளிமை என்று வேறு பலர் வாதாடினர். வெள்ளை இளைஞன் அணிந்தால் முதிர்ச்சியா, மேதைமையா என்பது கேள்வி. கறுப்பு இளைஞன் அணிந்தால் உயிரோடு வீடு திரும்புவானா என்பதே கேள்வி.

நம் வீட்டு வாசலில்

அயலாரைக் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. 2014இல், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னை மன்றம் ஒன்றில் நுழைவு மறுக்கப்பட்டது. தமிழகமே கொதித்தெழுந்தது, அவ்வாண்டே சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. நன்று. ஆயினும், வேட்டிக்காக எழுந்த நாவுகளில் எத்தனை கைலிக்காக எழும்? நம் திரைப்படங்களில் அடியாளுக்கும் போக்கிரிக்கும் உடுத்திவிடும் உடை எது? கைலி கட்டி அலுவலகப் படி ஏறும் உழைப்பாளியைக் காவலாளி எப்படிப் பார்க்கிறார்?

நம் பிள்ளைகளும் அக்கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மூட்டிய கைலியோடு வாசலில் நிற்கும் பாட்டனாரை, நண்பர்கள் வரும்போது உள்ளே போகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதே பிள்ளை, வெளிநாட்டுப் பெயர் பொறித்த கடையில் மதராஸ் கட்டச் சட்டையைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி அணிகிறான். பாட்டனார் இடையில் இருப்பதும் தன் தோளில் இருப்பதும் ஒரே மரபில் வந்த துணி என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பி அணிந்த ஆடைகளில் ‘ஹிபரா’ என்னும் யமன் நாட்டுக் கோடு போட்ட பருத்தி ஆடையும் ஒன்று என்பதை ஹதீஸ் நூல்கள் எடுத்துரைக்கின்றன. அதுவும் நெசவாளர் கையில் பிறந்த அயல்நாட்டுத் துணியே. மறைப்பதற்கும் அழகுக்கும் உரிய ஆடைகளைப் பற்றிப் பேசும் அல்-அஃராஃப் அத்தியாயம், அவற்றோடு ‘லிபாசுத் தக்வா’ என்னும் இறையச்ச ஆடையையும் எடுத்துக்கூறி, அதுவே மேலானது என்கிறது. அந்த ஆடையை எந்தக் காவலாளியும் கண்ணால் அளக்க முடியாது. ஆதலால், ஒருவன் உடுத்தியிருப்பதைக் கொண்டு அவனை எடைபோட நம் கண் விரையும்போது, பழவேற்காட்டுக் கைலி கண்ட கடல்களையும் கரைகளையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம். வந்தவருக்கு முதலில் ஸலாம் உரைத்து, அமர இடம் தருவோம்.