1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிள்: செய்தவரையும் ஊரையும் அறியும் முறை

1. ஆய்வுப் பொருள்

வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் ரைபிள்களில் நம் நாட்டு வரலாற்றோடு மிகவும் பிணைந்தது 1853 மாதிரி என்ஃபீல்டு. 1857 கிளர்ச்சியைத் தூண்டிய கொழுப்புத் தோட்டா இதற்காக வந்ததுதான். பீப்பாய் 39 அங்குல நீளம், உள்விட்டம் 0.577 அங்குலம், உள்ளே மூன்று புரிகள். பெயர் என்ஃபீல்டு என்றாலும் இவை பல ஊர்களில் உருவானவை. ஆகவே ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனியே ஆராய்ந்தே ஊரைச் சொல்ல முடியும்.

2. பூட்டுத் தகட்டின் எழுத்து

'என்ஃபீல்டு' என்றிருந்தால் அரசு ஆலையில் செய்தது. 'டவர்' என்றிருந்தால் லண்டன் கோட்டையில் செய்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அது அங்கிருந்த ஆயுதக் கிடங்கின் பெயரால் வந்த முத்திரை. அதைத் தாங்கிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பர்மிங்காம் பட்டறைகளில் பிறந்தவை. 'வின்ட்சர்' என்பதும் இங்கிலாந்தின் அரண்மனை ஊரைக் குறிக்காது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வின்ட்சரில் இயங்கிய ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் 1855இல் 25,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் ஏற்று, முடிக்கும் முன்பே நொடித்துப்போனது.

கிரீடத்தின் கீழ் 'வி.ஆர்.' இருந்தால் அரசிக்குரிய படைக்கலம். கிரீடம் மட்டும் இருந்தால் வணிகச் சரக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஏராளமாகக் கப்பலேறியவை இவ்வகையே.

3. பீப்பாய் சொல்லும் சான்று

பெரிய எழுத்தை விடச் சிறிய முத்திரைகளையே நான் நம்புகிறேன். அவற்றைத் தேடித் துப்பாக்கியைக் கழற்றும் முன் கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, அது இறங்கும் ஆழத்தை வெளியே பீப்பாயின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் உள்ளே பழைய மருந்து இருக்கலாம். கை வைக்காமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பீப்பாயின் பின்முனையில், இடப்பக்கம், சோதனை முத்திரைகள் இருக்கும். 1813இல் சட்டப்படி அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரையில் கிரீடமும் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் காணப்படும். லண்டன் முத்திரையில் கிரீடத்தின் கீழ் 'ஜி.பி.' பின்னியிருக்கும். நீள்வட்டத்துள் 'ஈ.எல்.ஜி.' இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். அதன்மேல் கிரீடம் சேர்ந்தது 1893இல்தான். பர்மிங்காம், லண்டன் முத்திரைகளின் அருகே '25' என்ற எண் இருந்தால் அதை ஆண்டென்று கொள்ளக் கூடாது. அந்தக் குழலின் அளவுக்குக் குண்டு வார்த்தால் ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை கிடைக்கும் என்பதே அது.

மூன்று பட்டைகளையும் தளர்த்திப் பீப்பாயைத் தூக்கினால் அடியில் அதைச் செய்த கொல்லரின் பெயர் தெரியக்கூடும். அந்தப் பெயர் பீப்பாய்க்கு மட்டுமே உரியது. பூட்டும் கட்டையும் வேறு பட்டறைகளில் வந்திருக்கும். கையால் இழைத்துப் பொருத்திய பர்மிங்காம் துப்பாக்கிகளில் பட்டை, திருகு ஆகியவற்றில் ஒரேமாதிரி அரக் கீறல்கள் இருக்கும். கீறல்கள் ஒத்துப்போகாவிட்டால் உறுப்பு மாற்றப்பட்டிருக்கிறது.

4. புரியற்ற குழல்

தோற்றம் என்ஃபீல்டு, உள்ளே வழவழப்பு, விட்டம் 0.656 அங்குலம் என்றால் அது இந்தியச் சிப்பாய்களுக்கென வந்த 1858 மாதிரி அல்லது அதை ஒட்டியது. கிளர்ச்சிக்குப் பின் துல்லியமான ரைபிளைச் சிப்பாய்களிடம் தர ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். தேவநாகரி எழுத்து இருந்தால் நேபாளத் தொடர்பைத் தேட வேண்டும்.

5. பதிவு

'டவர்' துப்பாக்கிக்குப் பர்மிங்காம் முத்திரையும் இருந்தால் பதிவேட்டில் ஊரைப் பர்மிங்காம் என்றே எழுதுங்கள். செய்தவர் பெயருக்குரிய இடத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள். முத்திரைகளைப் படமெடுக்கும் வரை உப்புத்தாளால் துருவைத் தேய்க்காதீர்கள்.