தீர்மானப் புத்தகமும் கிராம சபையும்: பொன்னேரி வட்டாரத்தில் மகளிர் குழுக்களின் குடிமைப் பங்கேற்பு

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றிய நம் ஆய்வுகளில் பெரும்பாலானவை கணக்குப்பிள்ளையின் கண்ணோடு எழுதப்பட்டவை. எவ்வளவு சேமித்தார்கள், எவ்வளவு கடன் பெற்றார்கள், எத்தனை தவணை தவறியது என்று கேட்டு, வருமானம் கூடியதா என்பதோடு நின்றுவிடுகின்றன. கடன் வந்தால் வருமானம் வரும், வருமானம் வந்தால் மதிப்பு வரும், மதிப்பு வந்தால் பெண் பொதுவாழ்வுக்கு வருவாள் என்ற வரிசையை இவை சொல்லாமலே ஏற்றுக்கொள்கின்றன. சென்னைக்கு வடக்கே உள்ள பொன்னேரி வட்டத்தையும் அதை ஒட்டிய கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியையும் வைத்துப் பார்த்தால் இந்த வரிசை சரியாக வரவில்லை. இங்கே பெண்களைப் பொதுக் காரியத்துக்குப் பழக்கியது கடன் அல்ல, கூட்டம். பழகியவர்கள் பேசப் போன இடத்தில் பதில் சொல்லும் அதிகாரம் இல்லாததே அவர்களுக்குத் தடையாக நிற்கிறது.

குழுக்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் அமைந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கின. நபார்டு 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை நடத்தியது. 1997இல் இக்குழுக்களுக்கான மாநில அரசின் மகளிர் திட்டம் பரவலானது. அதாவது, தமிழ்நாட்டில் குழு அரசாணையின் வழியாக ஊருக்குள் நுழைந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எல்லையைக் கடந்தால் கதை வேறு. அன்றைய நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறிவு வகுப்புகளில் கூடிய பெண்கள் 1992இல் தூபகுண்டாவில் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் அங்கே 'பொதுப்புலட்சுமி' சேமிப்புக் குழுக்கள் பரவின. அங்கே போராட்டம் முந்தி, சேமிப்பு பிந்தி. இங்கே சேமிப்பு முந்தி, கேள்வி பிந்தி. அரசு கட்டிய குழுவுக்கு அரசைக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும் என்ற ஐயம் நியாயமானதே.

அது எங்கிருந்து வந்தது என்பதை மேற்கு வங்கக் குழுக்களை ஆராய்ந்த சமூகவியலாளர் பரோமிதா சன்யால் ஓரளவு காட்டியிருக்கிறார். பெண்களின் கூட்டுச் செயலுக்குப் பணத்தைவிட, முறையாகக் கூடுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதுமே காரணம் என்பது அவர் முடிவு. தமிழ்நாட்டுக் குழுவின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். 12 முதல் 20 பேர். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம். யார் வந்தார், யார் முன்மொழிந்தார், என்ன முடிவானது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வங்கி கேட்கிறது என்பதற்காகத் தொடங்கிய இந்த எழுத்து வேலை, ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில்கூட இடமில்லாதவர்களுக்கு ஒரு கூட்டத்தை நடத்தக் கற்றுக்கொடுத்தது.

பொன்னேரி வட்டத்தின் பழவேற்காட்டை நினைத்தால் இதன் கனம் தெரியும். ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையில் பங்கு, மீனவ ஊர்களின் தலைக்கட்டு ஆண்களுக்கு. ஊர்ப் பஞ்சாயத்தும் ஆண்களின் சபை. மீனை விற்பவள் பெண். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்ற பேச்சில் அவள் இல்லை. சேற்றில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களோ அந்த முறைக்கே வெளியே இருப்பவர்கள். இவர்களுக்குக் குழுதான் பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் சபை. இதை ஏதோ விடுதலை என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்து தராத ஒன்றை இருபது ரூபாய், ஐம்பது ரூபாய்ச் சந்தா தந்தது என்பதை எந்தக் கணக்கு ஆய்வும் பதிவு செய்யவில்லை.

குழுவில் பழகிய பேச்சு அடுத்துப் போகும் இடம் கிராம சபை. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு இடம் அளித்தன. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வேண்டும் என்றானது. இங்கே ஓர் ஆய்வை நின்று பார்க்க வேண்டும். உலக வங்கி உதவியோடு மகளிர் குழுக்களின் வழியே நடந்த புதுவாழ்வுத் திட்டத்தின் ஊர்களிலும் மற்ற ஊர்களிலும் கிராம சபைப் பேச்சுகளை எழுத்தாக்கி ஆராய்ந்த பழனிசாமி, பார்த்தசாரதி, ராவ் ஆகியோர், அத்திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் அதிகம் வந்தார்கள், அதிகம் பேசினார்கள், நீண்ட நேரம் பேசினார்கள் என்று கண்டார்கள். ஆனால் கூட்டத்தின் போக்கை அவர்களால் திருப்ப முடியவில்லை. அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதிலைப் பெறுவதிலும் மற்ற ஊர்ப் பெண்களைவிட அவர்கள் முன்னேறவில்லை. குரல் வந்தது, பதில் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஆணாதிக்கம், சாதி என்ற விடைகள் தவறில்லை. பொன்னேரிப் பகுதியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தண்ணீரை எடுத்துக்கொள்வோம், கிராம சபையில் பெண்கள் முதலில் எழுப்பும் பொருள் அதுதான். 1960களின் பிற்பகுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நிலத்தடி நீர் ஆராயப்பட்டு, சென்னைக்காகக் கிணற்று வயல்கள் அமைந்தன. எடுத்தது ஊறியதை மிஞ்சியபோது கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டப்பட்டது; அதுவும் சென்னைக்கே. மீஞ்சூர் ஒன்றியத்தில் ஒரு பெண் எழுந்து, "போர் தண்ணி உப்பு கரிக்குது, குடத்துக்கு எவ்வளவு கொடுத்து வாங்குறது?" என்று கேட்டால், எதிரே இருப்பவர் ஊராட்சிச் செயலர். அவர் மோட்டாரைப் பழுது பார்க்க முடியும், லாரி சொல்ல முடியும். கிணற்று வயலைப் பற்றி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பற்றி, சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் எடுக்கும் நீரைப் பற்றி ஒரு சொல் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. எனவே பெண்ணின் கேள்வி தெருக்குழாய்க் கேள்வியாகச் சுருக்கப்பட்டு, தீர்மானமாக எழுதப்பட்டு, அங்கேயே தங்கிவிடுகிறது. பேச்சுத் திறன் குறைவு என்று பயிற்சி வகுப்பு நடத்துவோர் இதைக் கவனிப்பதில்லை.

தலைமைக்கே வந்த பெண்ணின் நிலையும் ஒரு பாடம். கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் அன்றைய தலைவர் அமிர்தம், பட்டியல் சாதிப் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பின், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஆகஸ்ட் 20 அன்று ஏற்றினார். ஐந்தே நாளில் தீர்ந்ததே என்று அரசு பெருமைப்படலாம். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் உரிமை, ஆட்சியர் வந்து நின்றால்தான் நடக்கிறது என்றால், குழு கற்றுத்தரும் கூட்டப் பழக்கம் சாதியின் முன் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடையாகக் கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயை எடுத்துக்காட்டுவது வழக்கம். 1998இல் தொடங்கிய அது, உள்ளாட்சியோடு அமைப்பளவிலேயே பிணைக்கப்பட்டது. அந்த உள்ளாட்சிகளுக்குத் திட்ட நிதியும் அதிகாரமும் உண்டு. பிணைப்பை மட்டும் கடன் வாங்கி அதிகாரத்தை விட்டுவிட்டால் பயன் இல்லை.

இதற்கிடையில் கூட்டமே தேய்கிறது. அரசுக்குக் குழு என்பது எந்தத் திட்டத்தையும் தூக்கிச் சுமக்கும் தோள். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் தைத்தார்கள்; இன்று காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறார்கள். சம்பாத்தியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திட்டத்தை நடத்துகிறவர் அதே திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது கடினம். மறுபக்கம் தனியார் நுண்கடன் நிறுவனங்கள். ஊர் வழக்கில் அதுவும் 'குழு லோன்'தான். அங்கும் பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள், ஆனால் தீர்மானப் புத்தகம் இல்லை. வசூல் முடிந்தால் கூட்டம் கலைகிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் நிற்க வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் இயற்றும் அளவுக்கு அது வளர்ந்தது. ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கூட்ட நேரமே கிடைப்பதில்லை என்பதும் உண்டு. வாடகை அறைகளில் தங்கும் வடமாநிலக் குடும்பத்துப் பெண்கள் குடியிருப்பு வாரியாக அமைந்த குழுக்களின் கணக்கிலேயே வருவதில்லை.

நகரமாதல் இன்னொரு திருப்பம். பேரூராட்சியாக இருந்த பொன்னேரி 2021இல் நகராட்சியானது. நகர்ப்புறத்தில் கிராம சபை இல்லை. அதற்கு ஈடாக வந்த பகுதி சபைகள் 2022 நவம்பர் 1இல்தான் முதன்முதலாகக் கூடின. கிராமப்புறத்திலும் 2025 ஜனவரியில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கேள்வி கேட்க ஆள் தயாராக இருந்த நேரத்தில் பதில் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாமல் போனார்.

ஆகவே குழுக்களின் குடிமைப் பங்கேற்பை வளர்ப்பது பற்றிய பேச்சு, பயிற்சியிலிருந்து, பதில் சொல்லும் கடமை உள்ள இடத்துக்கு மாற வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அத்தகைய கேட்பில் வாய்மொழியாகப் பேசலாம், எழுத்திலும் தரலாம். வந்தவற்றுக்குத் திட்டத்தை முன்வைப்பவர் பதில் தர வேண்டும். கிராம சபையில் கிடைக்காத அந்தக் கடமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. பழவேற்காட்டு, மீஞ்சூர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் தங்கள் தீர்மானங்களை எழுத்து மனுவாக அங்கே கொண்டுபோவதற்கு எந்த விதியும் தடை இல்லை. மகளிர் திட்டத்தின் பயிற்சிக் கையேடுகளில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.