கண்டிச் சீமைக்குப் போன தோணிகள்

அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று அடுத்தடுத்துப் பட்டினங்கள். பெயர்தான் பட்டினம். இன்று மீன்பிடி ஊர்கள், சிறு கடைத்தெருக்கள், பள்ளிவாசல்கள். ஆனால் இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போன கதையைத் தேடுகிறவர்கள், 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் தொண்டியோடு சேர்த்து அம்மாபட்டினத்தின் பெயரையும் காண்பார்கள். கைக்குழந்தையை இடுப்பிலும் பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு தோணி ஏறியவர்களின் துறை அது.

'கண்டிக்குப் போறது' என்றுதான் ஊரில் சொல்வார்கள். இலங்கையின் மலைநாட்டில் 1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. கூலிக்கு ஆள் தேவைப்பட்டபோது கண்ணில் பட்டது எதிர்க்கரைதான். திருச்சி, தஞ்சை, மதுரைச் சீமைகளும் புதுக்கோட்டை சமஸ்தானமும் ஆள் அனுப்பின. அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. ஜில்லா பேர் தஞ்சாவூர் என்றாலும் காவிரித் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஏரியும் கண்மாயும் மழையை நம்பி இருந்தன. மழை பொய்த்தால், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி காட்டும் முன்பணம்தான் வழி. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் வீட்டோடு கிளம்பியவர்கள் ஏராளம்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதற்கென்றே உருவான படகுகள் இங்கே ஓடின. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளியான இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் அவற்றை விவரித்திருக்கிறார். படகின் குறுக்கே நீளமான ஒரு பலகை, அதன் முனை படகைத் தாண்டிக் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பாயை அழுத்திப் படகு ஒரு பக்கம் சாயும்போது, ஆட்கள் எதிர்ப்பக்கப் பலகையில் ஏறி உட்காருவார்கள். காற்று ஏற ஏற இன்னும் முனைக்கு நகர வேண்டும். மனித உடம்பே அங்கே எடைக்கல்.

அக்கரையில் மன்னாரோ அரிப்போ வந்தால் பயணம் பாதிதான் முடிந்தது. அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுவழி, நடைதான். தண்ணீர்ப் பஞ்சமும் காலராவும் மலேரியாவும் ஆளைக் கொண்டுபோயின. 1841 முதல் 1848 வரை இப்படி வந்தவர்களில் சுமார் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1849இல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை கணக்குச் சொன்னது. இந்தக் கணக்கில் எத்தனை பேர் அப்பனின் தோளில் வந்த பிள்ளைகள் என்று யாரும் பிரித்து எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

காப்பிக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும். பெண்களின் விரலும் பிள்ளைகளின் கையும் தோட்டத்துக்கு வேண்டியிருந்தன. குடும்பம் குடும்பமாகப் போய் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கத் தொடங்கினார்கள். தகப்பன் 'கொஞ்ச நாள்' என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை அங்கேயே பெரியவனாகி, அங்கேயே பிள்ளை பெற்றான்.

தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர்களும் ராவுத்தர்களும் இதே கடலைக் கடந்தார்கள், கடைக்கும் வியாபாரத்துக்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பையனைத் தகப்பன் கூட்டிப்போய்க் கொழும்புக் கடையில் தொழில் பழக விடுவது வழக்கமாகவே இருந்தது.

பிறகு இரும்பும் நீராவியும் வந்தன. 1903இல் பட்டுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும், கூலிகளுக்கான பாதை மண்டபம் முகாம் வழியாகத் திரும்பியது. அம்மாபட்டினத்துத் தோணிக்கு வேலை குறைந்தது. 1934இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிக் கடைமடைவரை காவிரியைக் கொண்டுவந்தபோது, அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மலைநாட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், திரும்பியவர்களின் கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு வந்தது. தகப்பன் கையைப் பிடித்து இறங்கிய பிள்ளைகளுக்கு இந்தியா முதல்முறை பார்க்கும் ஊர். பூட்டன் தோணி ஏறிய துறை ராமேசுவரத்துக்கு வடக்கே, அதே கடற்கரையில்தான் இருந்தது.