கரும்பு விளைந்த இரு கடல்கள்

ஏனாத்தூரிலும் அதனை அடுத்த காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களிலும் ‘முன்பணம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மகளின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ முதலாளியிடம் ஒரு தொகை பெறப்படுகிறது. அத்தொகை தீரும்வரை தறி அந்த முதலாளிக்கே ஓடவேண்டும். கை நெசவாளியுடையது, கையின் நாள்கள் மட்டும் வேறொருவருடையவை. பெற்ற தொகைக்காக உழைப்பின் உரிமையை விட்டுக்கொடுக்கும் இந்த வழக்கம், சென்ற நூற்றாண்டுகளில் கடலையும் தாண்டியது. நம் வட்டாரத்து மனிதர்கள் ஐந்தாண்டுத் தாளொன்றில் பெருவிரலைப் பதித்துவிட்டு உலகின் இரு எதிரெதிர்க் கோடிகளுக்குச் சென்றார்கள். ஒரு கோடி மேற்கிந்தியத் தீவுகள். மறுகோடி, சமோவா முதலிய தீவுகளுக்கு அண்மையில் பசிபிக் பெருங்கடலில் கிடக்கும் பிஜி.

ஒரே மண்ணிலிருந்து, ஒரே வறுமையிலிருந்து, ஒரே பயிருக்காகச் சென்ற இவ்விரு கூட்டத்தாரும் இன்று ஒரே நிலையில் இல்லை. ஏன் இல்லை என்று சிந்திப்பது பயனுள்ளது. ஏனெனில் அவர்களுடைய வரலாறு, இறுதியில் நம்மைப் பற்றியே ஒரு கேள்வியை எழுப்புகிறது.

புறப்பட்ட இடம்

ஆங்கிலேயர் 1834இலும் பிரெஞ்சுக்காரர் 1848இலும் தங்கள் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தனர். விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பழைய எசமானரின் தோட்டங்களில் அவர்கள் கொடுத்த கூலிக்கு உழைக்க விரும்பவில்லை. ஆலைகளோ கரும்புக்குக் காத்திருந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்பவே இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் திரட்டப்பட்டனர்.

திரட்டுவோருக்கு நம் மாவட்டங்களில் அதிக முயற்சி தேவைப்படவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நாம் அறிவோம். பஞ்சமில்லாத ஆண்டுகளிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அந்நாளில் காஞ்சிபுரத்தை உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரிகளில் வாழ்ந்த மக்கள் கடனால் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்ததையும், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லாதிருந்ததையும் அவர் விளக்கினார். அந்த அறிக்கையைத் தொடர்ந்தே, பின்னாளில் ‘பஞ்சமி நிலம்’ என்று பெயர்பெற்ற நிலங்களை வழங்கும் ஆணை 1892இல் பிறந்தது. கப்பலேறியவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்தனர். ஆயினும் ஊரில் இழப்பதற்கு எதுவுமில்லாதவனுக்கே கடல் அதிகம் அஞ்சத்தக்கதாக இருக்கவில்லை.

மேற்குக் கடலில்

பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளான மார்த்தினிக்கில் 1853இலும் குவாதலூப்பில் 1854இலும் முதல் இந்தியர்கள் கரையிறங்கினர். குவாதலூப்பில் அவர்கள் இறங்கிய நாள் டிசம்பர் 24. தீவு முழுவதும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்தயாரிப்பில் இருந்த நாள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் புறப்பட்ட முக்கியத் துறைகள். 1861இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேய மாவட்டங்களிலிருந்தும் ஆள் திரட்டுவது எளிதாயிற்று. குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர். ஆண்களுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்களுக்குப் பத்து பிராங்க் கூலி. நோயும் கடும் உழைப்பும் பலரைக் கொண்டுபோயின. பெரும்பாலோர் தாயகம் திரும்பவில்லை.

திரும்பாதவர்கள் இருபுறமும் நெருக்கப்பட்டனர். கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அவர்களை வெறுத்தார்கள்; தோட்ட முதலாளிகளோ அவர்களை மனிதராகவே மதிக்கவில்லை. தொழிலாளர் படும் துன்பங்களைக் கேட்டறிந்த ஆங்கிலேய அரசு, 1880களில் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. குவாதலூப்புக்கான கதவு 1888இல் மூடப்பட்டது. அதன்பின் தாயகத்திலிருந்து புதிய குரல் எதுவும் வரவில்லை. தமிழ் பேசிய தாத்தா இறந்தார்; கிரியோல் பேசிய பேரன் எஞ்சினான்.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் பங்கையும் சொல்லாமல் கடக்கலாகாது. அத்தீவுகளின் இந்தியருள் பெரும்பாலோர் காலப்போக்கில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றனர். நற்செய்தியை உள்ளம் உணர்ந்து ஏற்றவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சமூகத்தில் மதிப்புடன் வாழ வேறு வாயில் இல்லாததால் ஏற்றவர்களும் உண்டு. மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் அவர்கள் செய்த வழிபாடுகள் சூனியம் என்று இகழப்பட்டன. ஆகவே பலர் ஞாயிறு காலையில் திருப்பலிக்கும், ஆண்டின் குறித்த நாளில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் சென்றார்கள். நாவிலிருந்து மொழி போயிற்று. வழிபாட்டில் மட்டும் சில சொற்கள் தங்கின. மத்தளம் அங்கே ‘மத்தலோம்’, தாளம் ‘தலோம்’. குழம்பின் வழிவந்ததாகக் கருதப்படும் ‘கொலம்போ’ இன்று தீவு முழுமைக்கும் பொதுவான உணவு. நவம்பர் தொடக்கத்தில், நாம் இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் அதே நாள்களில், குவாதலூப் இந்தியக் குடும்பங்கள் முன்னோருக்குப் படையல் இடுகின்றன. அதன் பெயர் ‘சம்பிளானி’. அச்சொல்லில் நம் சாம்பிராணியின் மணம் வீசுகிறது.

மொழியை இழந்த அந்த மக்கள் வேறொன்றைப் பெற்றார்கள். கப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியரின் வழிவந்தோருக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904இல் வழக்காடத் தொடங்கினார். பத்தொன்பது ஆண்டுகள் போராடினார். 1923இல் பிரெஞ்சு அரசு அவ்வுரிமையை ஏற்றது. அது தனிப் பட்டியலில் தரப்பட்ட உரிமையன்று. மற்றெல்லாரும் இருந்த பொதுப் பட்டியலிலேயே தரப்பட்டது. 1946இல் அத்தீவுகள் பிரான்சின் மாநிலங்களாக மாறியபோது, பாரிசில் வாழ்வோனுக்குரிய குடியுரிமை கூலியின் பேரனுக்கும் வந்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டங்களும் பிரெஞ்சுப் பள்ளியும் வந்தன. சிறுகச் சிறுக நிலம் வாங்கிக் கரும்பும் வாழையும் பயிரிட்டவர்கள் பலர். குறைகள் தீர்ந்துவிடவில்லை. வேலையில்லாமல் பிரான்சுக்குப் போகும் இளைஞர்கள் இன்றும் உண்டு. விலைவாசியை எதிர்த்து 2009இல் குவாதலூப் 44 நாள்கள் பொது வேலைநிறுத்தம் செய்தது. ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் ‘நீ எந்த நாட்டவன்?’ என்ற கேள்வி இந்தியனை நோக்கி எழவில்லை.

கிழக்குக் கடலில்

பிஜியின் கதை வேறு வகையில் தொடங்கிற்று. 1875இல் பரவிய தட்டம்மை நோயில் அத்தீவுகளின் பழங்குடியினர் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். அழிவின் விளிம்பில் நின்ற மக்களின் நிலத்தை வெள்ளையர் வாங்கலாகாது என்று முதல் ஆளுநர் ஆர்தர் கார்டன் தடுத்தார். அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுப்பதையும் கட்டுப்படுத்தினார். அதன் பொருட்டு இந்தியக் கூலிகளைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். 1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் அவர்களுடன் வந்து சேர்ந்தது. இதே கார்டன் முன்பு மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் ஆளுநராக இருந்தவர். அங்கே, தாயகம் திரும்பும் உரிமையைக் கைவிட்ட இந்தியருக்கு அரசு நிலம் வழங்கும் திட்டம் அவர் காலத்தில்தான் தொடங்கிற்று. ஒரே மனிதர், ஒரு கடலில் இந்தியனுக்கு நிலம் தந்தார். மறுகடலில் வேறொரு மக்களைக் காக்கும் பொருட்டு நிலத்தைப் பூட்டினார். அவர் செய்தது பிஜியின் பழங்குடியினருக்கு நீதியே. ஆனால் அந்த நீதிக்கான விலையைச் செலுத்தியவர்கள் சர்க்கரைக் கம்பெனியின் முதலாளிகள் அல்லர், ஒப்பந்தக் கூலிகளே.

1916வரை பிஜிக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 61,000 பேர். சென்னையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டது 1903க்குப் பிறகே. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கினரே தென்னிந்தியர். ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்களுக்கு ஒன்பது பென்ஸ் என்று சட்டம் சொன்னது. குறித்த வேலையை முடித்தால்தான் அதுவும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஏற்றப்பட்ட கப்பல்கள், குடும்பம் என்ற அமைப்பையே சிதைத்தன. 1915இல் அங்கு சென்று பார்த்த சி. எப். ஆண்ட்ரூசும் பியர்சனும், தற்கொலைகளின் மிகுதியைத் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினர். பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி வடித்த கண்ணீரைத் தமிழுலகம் அறியும். 1917இல் இந்திய அரசு ஆள் திரட்டுவதைத் தடை செய்தது. 1920 சனவரி முதல் நாளன்று எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடைசிக் கப்பல் சென்று பத்தே ஆண்டுகளில், அதாவது 1926இல், சாது குப்புசாமியின் முயற்சியால் நாண்டி நகரில் ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ எழுந்தது. ஊரில் பிறந்து, ஊரில் பேசக் கற்று வந்தவர்கள் அப்போது உயிருடன் இருந்தார்கள். இந்தியருக்குள்ளேயே சிறுபான்மையாய், வடநாட்டார் மொழியால் சூழப்பட்டிருந்த அவர்கள் தங்கள் கூலிக் காசைச் சேர்த்துப் பள்ளிகள் கட்டினார்கள். அவற்றில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள். வீட்டில் பிஜி இந்தி பேசும் தலைமுறை வந்த பின்னும் சங்கம் நின்றது. நாண்டியிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் புதிதாகக் கட்டப்பட்டு 1994இல் குடமுழுக்குக் கண்டது. பாபிலோனுக்குக் கடத்தப்பட்டவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் நகரின் நலனை நாடுங்கள் என்று எரேமியா எழுதி அனுப்பியதை நாம் படித்திருக்கிறோம். பிஜித் தமிழர் அக்கடிதத்தைப் படிக்காமலே அதன்படி வாழ்ந்தார்கள்.

வீடு கட்டினார்கள், ஆனால் வீட்டின் கீழிருந்த மண் அவர்களுடையதன்று. நாட்டில் பத்தில் எட்டுப் பங்கிற்கும் மேலான நிலம் பழங்குடியினரின் பொது உடைமை, விற்க இயலாதது. குத்தகைக்கு மட்டுமே பெறலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி முப்பது ஆண்டுக் குத்தகைகள் அமைந்தன. 1997 முதல் பழைய குத்தகைகள் முடியத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான கரும்பு விவசாயிகள் தாங்கள் பண்படுத்திய வயலை விட்டு வெளியேறினார்கள். அரசியலிலும் அவர்களுக்கு 1929இல் கிடைத்தது தனிப் பட்டியலே. இனவாரியாகப் பிரிந்த அந்த வாக்குமுறை, ஓரினத்தின் வெற்றியை மற்றோரினத்தின் தோல்வியாக்கிற்று. 1987 மே 14 அன்று, முதல் கப்பல் வந்த அதே நாளில், முதல் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. 2000இல் மீண்டும் ஓர் ஆட்சிக்கவிழ்ப்பு. பல்லாயிரவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்றனர். ஒரு காலத்தில் நாட்டில் பாதியாக இருந்த இந்தியர், 2007 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 37 பேரளவுக்குக் குறைந்தனர். 2013ஆம் ஆண்டு அரசியலமைப்புத்தான் எல்லாக் குடிமக்களுக்கும் ‘பிஜியர்’ என்ற ஒரே பெயரைத் தந்தது.

எது இழப்பு?

ஒப்பிட்டுப் பார்த்தால், மேற்கே சென்றவர்கள் நிலத்தில் வேர்விட்டு மொழியை இழந்தார்கள். கிழக்கே சென்றவர்கள் மொழியின் நிழலையேனும் காத்து, நிலத்தை இழந்தார்கள். முன்னவர் பற்றில்லாதவர், பின்னவர் பற்றுள்ளவர் என்று சொல்வது எளிது, ஆனால் அது நியாயமன்று. கப்பல்கள் எந்த ஆண்டில் நின்றன, காலூன்றிய மண் யாருடையது, சட்டம் அவர்களை எந்தப் பட்டியலில் எழுதிற்று என்ற மூன்றுமே பெரும்பாலும் அவர்கள் வாழ்வைத் தீர்மானித்தன. அவற்றுள் ஒன்றையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தங்கள் கையில் இருந்ததைக் கொண்டு இருவருமே போராடினார்கள். ஒருவர் வழக்கு மன்றத்தில், மற்றவர் பள்ளிக்கூடத்தில்.

ஆனால் இருவரும் சேர்ந்தே இழந்த ஒன்று உண்டு, அது சாதி. ஒரே கப்பலில் அருகருகே படுத்து, ஒரே பானையில் சமைத்ததை உண்டவர்களால் தீட்டைக் காக்க முடியவில்லை. ‘கப்பல் உடன்பிறப்பு’ என்ற புதிய உறவு பிறந்தது. பெண்கள் குறைவாயிருந்த தோட்டங்களில் மணமகளின் குலத்தைக் கேட்கும் வாய்ப்பில்லை. சில குலப்பெயர்கள் இன்றும் குடும்பப் பெயர்களாக ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவை பெரும்பாலும் ஓசையாகவே எஞ்சின. துன்பம் பறித்தவற்றுள் துக்கப்படத் தேவையில்லாதது இது ஒன்றே. ஊரிலேயே தங்கிய நாமோ நிலத்தையும் மொழியையும் காத்ததோடு இதையும் சேர்த்துக் காத்தோம். நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் எழுந்த சுவர்கள் அதற்குச் சாட்சி.

இன்று அவ்விரு கடல்களிலிருந்தும் கொள்ளுப்பேரர்கள் தமிழகத்திற்கு வருகிறார்கள். பிஜிக்குச் சென்றவரின் குடியேற்றச் சீட்டில் தந்தை பெயர், சாதி, மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் காதில் விழுந்தபடி அயலார் எழுதிய எழுத்து, படித்தறிவது கடினம். அந்தத் தாளுடன் ஒருவர் நம் ஊர்ப் பங்கு அலுவலகத்திற்கோ கோயில் வாசலுக்கோ வந்தால், நாம் செய்யக்கூடிய பணி உண்டு. சிதைந்த ஊர்ப்பெயரை உரக்கப் படித்துப் பார்த்து, அது எந்தக் கிராமம் என்று சொல்ல நம்மால் முடியும், வேறெவராலும் முடியாது.

அவ்வேளையில், ‘உங்களுக்குத் தமிழ் தெரியாதா?’ என்ற வியப்பைச் சற்று அடக்கிக்கொள்வோம். அத்தாளில் சாதி என்ற கட்டமும் இருக்கும். வந்தவர் தம் ஊரைத் தேடி வந்திருக்கிறார். அந்தக் கட்டத்தைத் தேடி வரவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டிட்டு அவர் முன்னோர் கடலில் விட்டுச் சென்றதை, நாம் கரையிலிருந்து எடுத்து மீண்டும் அவர் கையில் கொடுக்க வேண்டாம்.